குடும்பத்தில் கணையப் புற்றுநோய் இருந்தவர்கள், அறிகுறி வருமுன்பே பரிசோதித்துக்கொள்ளலாமா?

சிலருக்கு அது அவசியம். அறிகுறி இல்லாதபோதே, ஆபத்து அதிகம் உள்ளவர்களின் கணையத்தை ஆண்டுதோறும் பார்த்து வருவதைத்தான் தொடர் கண்காணிப்பு என்கிறோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே சிறு கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாது, வலியும் இருக்காது. மஞ்சள் காமாலை, எடை குறைவு என்று தெரியவரும்போது பலருக்கும் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகையைக் கரையான் அரிப்பது போலத்தான்: முன்பக்கம் பளபளப்பாகவே இருக்கும். அதற்காக எல்லா வீட்டிலும் அலமாரியை நகர்த்துவதில்லை. ஏற்கெனவே கரையான் வந்த வீட்டில் நகர்த்திப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் யார்? பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் உட்பட நெருங்கிய இரத்த உறவில் இருவருக்கு இந்நோய் வந்தவர்கள், பிஆர்சிஏ2 (பழுதானால் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு) போன்றவற்றில் மாற்றம் உள்ளவர்கள், பரம்பரைக் கணைய அழற்சி உள்ளவர்கள். பெரும்பாலும் 50 வயதில், அல்லது உறவினருக்கு நோய் வந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பு தொடங்குவார்கள். சில மரபணு மாற்றங்களுக்கு 40 வயதிலேயே. எம்ஆர்ஐ ஸ்கேனும், வாய்வழியே குழாய் செலுத்தி எடுக்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும்தான் முக்கியக் கருவிகள். இரண்டாவது மிகச் சிறிய கட்டியையும் காட்டும். ஆபத்து இல்லாதவர்களுக்கு இவை வேண்டாம். தீங்கற்ற நீர்க்கட்டிகள்கூட வீண் பயத்தையும் தேவையற்ற அறுவையையும் கொண்டுவரும்.

கணையப் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருள் சிஏ 19-9. ‘சிஏ 19-9 இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, அதனால் புற்றுநோய் இல்லை’ என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, ஆரம்ப நிலையில் அந்த அளவு இயல்பாகவே இருக்கலாம், சிலருடைய உடலில் அது சுரப்பதே இல்லை.