சோளக்காடும் புலிக்காடும்

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. நான் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தாளவாடிப் பக்கம் மக்காச்சோளமும் ராகியும் போடுகிற விவசாயி. போன மாதம் பட்டியில் இருந்த கறவை ஒன்றைப் புலி அடித்துவிட்டது. நிவாரணத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு நடையாய் நடக்கிறேன். இந்த நேரத்தில் புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். சத்தியமங்கலத்தில் புலி பெருகிவிட்டது என்று விருதே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் எதற்குங்க இன்னும் காப்பாற்றச் சொல்கிறீர்கள்? தோலுக்காகக் கொல்கிறவன் வெளியூர்க்காரன். அவனைப் பிடிப்பது வனத்துறை வேலை. இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது? புலியைக் குத்தியவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டவர்கள்தானே நம் முன்னோர்?

பெயர் வேண்டாம்,
தாளவாடி

அன்புள்ள தம்பி,

முதலில் மாட்டைப் பற்றி. கறவை ஒன்று போனால் வீட்டுச் செலவே தடுமாறிப்போகும். நிவாரணம் அந்த வாரமே கைக்கு வந்தாக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. புலியைக் காப்பாற்றும் வேலையே அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

புலி பெருகியதும் உண்மைதான். தமிழ்நாட்டில் 2006ல் 76 என்று இருந்த கணக்கு 2022ல் 306 ஆனது. சத்தியமங்கலம் 2013ல்தான் புலிகள் காப்பகம் ஆனது. 2011ல் அங்கே 25 புலிகள். அது 80 ஆனதற்குத்தான் 2022ல் அந்த விருது. ஆனால் இந்த 80ஐ இழக்க அதிக நாள் ஆகாது. ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு காப்பகம். 2004 வாக்கில் அங்கே இருந்த புலிகளை வேட்டைக்காரர்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டார்கள். 2008ல் ரந்தம்பூரில் இருந்து புலியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரன் என்று நீங்கள் சொல்வது பாதி சரி. 2023 பிப்ரவரியில் சத்தியமங்கலம் பக்கத்திலேயே வடமாநிலத்தவர் சிலர் புலித்தோலோடும் எலும்போடும் பிடிபட்டார்கள். சீனா 1993லேயே புலி எலும்பு வியாபாரத்துக்குத் தடை போட்டது. ஆனாலும் மருந்து என்ற பேரில் அதற்குக் கிராக்கி இருந்துகொண்டேதான் இருக்கிறது. மீதிப் பாதி நம் வேலியோரம் இருக்கிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பெரியப்பாவின் கடலைக்காடு டி.என்.பாளையம் பக்கம் மலையடிவாரத்தில். பன்றி நுழைகிற சந்தில், வேலிக்காலோடு சேர்த்து பைக் கிளட்ச் ஒயரில் சுருக்கு வைத்திருந்தார். விடிகாலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். விழுந்திருந்தது பெட்டை மான். ஒயர் இடுப்பில் இறங்கி, மயிருக்கு நடுவில் ஒரு கோடு மட்டும்தான் தெரிந்தது. உயிர் போயிருந்தது. ஒயர் எட்டிய தூரம் வரைக்கும் குளம்பால் மண்ணை வட்டமாக உழுதிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு கடலைச் செடி மிச்சமில்லை. பெரியப்பா ஒன்றும் பேசாமல் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அதே சந்தில் திரும்பக் கட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வருடக் கடலையில் பாதியைப் பன்றி தின்றிருந்தது.

பன்றி வருகிற சந்து வழியாகத்தான் பன்றியைத் தேடிப் புலியும் வரும். கழுத்தில் விழுந்தால் அங்கேயே முடிந்தது. காலில் விழுந்தால் இழுத்து அறுத்துக்கொண்டு போகிற பலம் அதற்கு உண்டு. ஒயர் காலோடு போய்விடும். உள்ளே இறங்கி, புண் புழுத்து, மான் பின்னால் ஓட முடியாமல் போகும். ஓட முடியாத புலியால் அடிக்க முடிவது கட்டுத்தறியில் நிற்கிற மாட்டைத்தான். உங்கள் மாட்டை அடித்தது அப்படி ஒரு புலியா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஊரில் பத்து பேர் சுருக்கு வைத்தால் பதினோராவது ஆளின் பட்டிக்கு அந்தப் புலி வரும்.

விஷமும் அப்படித்தான். அடித்த மாட்டைத் தின்னப் புலி திரும்ப வரும், குட்டி இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் அப்படித்தான் இரண்டு புலிகள் செத்தன. மாட்டைப் பறிகொடுத்தவர் அந்த மாட்டிலேயே விஷம் வைத்திருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. செய்ததை ஏற்க முடியவில்லை.

புலிக்குத்திக் கல்லைச் சொன்னீர்கள். பட்டியைக் காக்கப் போய்ப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல் அது. அவனை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கற்கள் எங்கெல்லாம் நிற்கின்றன என்று பாருங்கள். ஈரோடு, திருப்பூர், கோவை என்று சமவெளியில்கூட நிற்கின்றன. நான் பார்த்த ஒன்றைச் சுற்றி இன்று தென்னந்தோப்பும் விசைத்தறியும்தான். அங்கே புலி இருந்தது என்று சொல்ல அந்தக் கல்லை விட்டால் ஆள் இல்லை. நம் பேச்சில் விளைநிலத்துக்கும் காடு என்றுதான் பேர். கீழே இருந்த காட்டையெல்லாம் சோளக்காடாகவும் கடலைக்காடாகவும் ஆக்கிவிட்டோம். புலிக்கு மலைதான் மிச்சம்.

அந்த மலையிலும் பார்க்கிற பச்சையெல்லாம் தீனி ஆகாது. வெளியில் இருந்து வந்து பரவிய உண்ணிச்செடி மூடிய இடத்தில் புல் முளைக்காது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அதே வேலையைச் சீமைக் கருவேலம் செய்கிறது. புல் போனால் மான் போகும். ஒரு புலிக்கு வருடத்துக்கு மான் அளவில் ஐம்பது உருப்படியாவது வேண்டும். குட்டிக்கு இரண்டு வயது ஆனதும் தாயை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்பும். பக்கத்துப் புலிக்காடுகளான முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை என்று போய்வர சத்தியமங்கலம் காடுதான் பாலம். இந்தக் காட்டுக்குள் போகிற திம்பம் மலைப்பாதையில் 2022ல் இரவுப் போக்குவரத்தை நீதிமன்றம் நிறுத்தியது இதற்காகத்தான். காய்கறி ஏற்றுகிற உங்களுக்கு அதில் கஷ்டம் உண்டு என்று தெரியும். இருந்தாலும் ராத்திரியில் அந்த ஒன்பது மணி நேரமும் காட்டுக்கு வேண்டும் என்றே சொல்வேன்.

பன்றிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025ல் அரசு முடிவெடுத்தது. உங்கள் நிலம் காட்டை ஒட்டி இருப்பதால் அது உங்களுக்கு உதவாது. பயிர் நஷ்டத்துக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற பணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி ஊர் மொத்தமும் சேர்ந்து கேட்க வேண்டும். அந்த மனுவை எழுதித் தருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன். உங்கள் மனுவின் நகலையும் மாட்டைப் புதைப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

அமாவாசை கழிந்து தாளவாடிக்கு வருகிறேன். வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பார்க்கலாம். ஒயர் வெட்டக் கட்டிங் பிளேயர் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்