எதிர்வீட்டுக் கதவு

வெளிநாட்டுக்குக் குடிவந்து நான்கு மாதமாகியும் எதிர்வீட்டுக்காரர் ‘ஹலோ’வைத் தாண்டவில்லை, நம்மைப் பிடிக்கவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. பாகுபாடே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் சந்தேகம் அதுவாக இருக்க வேண்டாம். மேல்மாடியில் பத்து வருஷமாக இருப்பவரிடமும் அவர் அதே ‘ஹலோ’வோடு நிறுத்தியிருப்பார். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாததுதான் அங்கே மரியாதை. எல்லோரும் அந்த மரியாதையைக் கட்டிக் காத்தால், ஒருவர் படுத்த படுக்கையானாலும் கதவைத் தட்ட ஆள் இருக்காது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே அமைச்சர் போட்டது சும்மா இல்லை.

அவர்களாக வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். சின்ன உதவி கேளுங்கள்: “வெள்ளிக்கிழமை ஊரில் இருக்க மாட்டேன், பார்சல் வந்தால் வாங்கி வைக்க முடியுமா?” திரும்பி வந்ததும் நன்றி சொல்லப் பெரிய பரிசோடு போய் நிற்காதீர்கள். கடன்பட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடுவார்கள். வீட்டுக்கு அழைத்தால் முடியும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “சனிக்கிழமை 4 முதல் 5.30 வரை” என்றால் சரி என்பவர், “ஒருநாள் வாங்க” என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

நட்புக்கு மணிக்கணக்கு வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஊர் மாறியவர்களையும் கேட்டிருக்கிறார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. வாரம் 2 மணி நேரம் என்றால் முதல் படிக்கே 25 வாரம். ஆறாவது வாரத்தில் “இங்கே மனுஷங்களே இல்லை” என்று சலித்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். மாதம் ஒரு புதுக் கூட்டம் என்று அலைவதும் வீண். ஒரே குழு, ஒரே கிழமை, அதே முகங்கள்: நடைக்குழு, பாட்டுக்குழு, தோட்டக்குழு, எதுவானாலும் சரி.

அங்கே போய் ஒரு வேலையைக் கையில் எடுங்கள். எல்லோரும் வாடிக்கையாளர்போல வந்து போவதால்தான் இப்படிப்பட்ட குழுக்கள் சாகின்றன. வருகிறவர்கள் இருப்பார்கள், கூடும் இடத்தின் சாவியை வைத்துக்கொள்ளத்தான் ஆள் இருக்காது. நாற்காலி மடக்குவதில் ஆரம்பியுங்கள். மொழி தடுமாறினாலும் அந்த வேலை நடக்கும். பக்கத்தில் நின்று மடக்குகிறவரும் கை ஓயும்வரை பேசித்தான் ஆகவேண்டும்.