சூடானால் ஆயில் பிரஷர் இறங்குவது ஏன்?

கேள்வி: ஐயா, என்னுடையது 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆர், கே20ஏ இன்ஜின். புதிதாக ஆயில் பிரஷர் மீட்டர் போட்டிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 75 பிஎஸ்ஐ காட்டுகிறது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை போய்த் திரும்பினால் ஐடிலில் (காடி நிற்க, இன்ஜின் சும்மா ஓடும்போது) 14தான். பம்பை மாற்று, இல்லாவிட்டால் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்று என்கிறார் போமன். என்ன செய்யலாம்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டும் வேண்டாம். 14 நல்ல அளவுதான். கே20 இன்ஜினுக்கு ஹோண்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது ஐடிலில் 10 பிஎஸ்ஐ, 3,000 ஆர்பிஎம்மில் 44 பிஎஸ்ஐ. இரண்டாவது அளவை நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, அங்கே பிரஷர் குறையத்தான் செய்யும்.

வெப்பநிலையும் ஆர்பிஎம்மும் தெரியாமல் பிரஷரை மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 40 டிகிரியில் இருக்கும் ஆயில் 100 டிகிரிக்குப் போனால் அதன் கெட்டித்தன்மை சுமார் ஆறில் ஒரு பங்காகிவிடும். காலையில் 75 காட்டுவது பம்பின் பலத்தால் அல்ல, ஆயில் இன்னும் கெட்டியாக இருப்பதால். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் சூடானாலும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

20டபிள்யூ-50 ஊற்றினால் முள் ஏறும், மனதுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் பேரிங்குக்குத் தேவை ஆயில் ஓட்டம். சூட்டை எடுத்துச் செல்வதும் அதுதான். ஆயில் கெட்டியாக இருந்தால் அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறந்து, ஒரு பகுதி வேலை செய்யாமலே திரும்பிவிடும். இந்த இன்ஜினில் விடெக்கும் (வால்வு திறக்கும் அளவை மாற்றும் அமைப்பு) டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரால் இயங்குபவை என்பதையும் மறக்க வேண்டாம். மலையில் அடிக்கடி விரட்டுபவர் என்றால் நல்ல 5டபிள்யூ-40 போதும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றபின் ஐடிலிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். அந்தத் துளையின் மரை 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 மரை. கடையில் கிடைக்கும் பல சென்டர்கள் (மீட்டருக்குப் பிரஷரைத் தெரிவிக்கும் சென்சார்) 1/8 என்பிடி, 27 மரை. பாதி வரை ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். பலவந்தமாகத் திருகினால் துளை இருக்கும் அலுமினியப் பாகத்தில் விரிசல்தான். ஒற்றை வயர் சென்டருக்கு எர்த் அந்த மரை வழியாகவே போகிறது. டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் மீட்டர் தாறுமாறாகக் காட்டும். போமன் பார்த்த “குறைவு” இப்படிக்கூட வந்திருக்கலாம்.

எப்போது பயப்படலாம்? அதே ஆயில், அதே சூடு, அதே ஆர்பிஎம், ஆனால் வாரத்துக்கு வாரம் முள் இறங்குகிறது என்றால். முதலில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, அளவும் கூடியிருந்தால் ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது. அது இல்லையென்றால் ரிலீஃப் வால்வு, பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்அப் சல்லடை, தேய்ந்த பேரிங் என்று வரிசையாகத் தேட வேண்டும். சமீபத்தில் சம்ப்பை (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றி சிலிகோன் பூசினார்களா என்று கேளுங்கள். அதிகமாகப் பூசினால் பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் நேராகச் சல்லடையில் போய் ஒட்டும்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண் சாலையில் தாழ்த்திய காடி கல்லில் இடித்தது. ஒழுக்கு இல்லை. ஆனால் வளைவில் முள் துடிக்கிறது. (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: ஒழுகவில்லை என்பதை நம்பி ஓட்டாதீர்கள். இரும்புத் தகட்டு சம்ப் என்றால் உள்ளே நசுங்கி, பிக்அப் சல்லடைக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடைத்திருக்கலாம். அலுமினிய சம்ப் நசுங்காது, விரிசல் விடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், ஸ்டாண்டு வைத்துப் பாருங்கள்.

ஆயில் அளவையும் சரியான இடத்தில் எடுங்கள். தோட்ட வீட்டு முற்றம் பெரும்பாலும் சரிவு. அங்கே டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பெட்ரோல் நிலையத்தின் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்அப் காற்றை உறிஞ்சும். மேல்கோடு வரை ஊற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம்; கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கினாலும் முள் துடிக்கும்.

கேள்வி: சிவப்பு ஆயில் விளக்கு ஐடிலில் மினுக்குகிறது. வீடு வரை மெதுவாக ஓட்டலாமா? (வாசகர், காப்பார்)

பதில்: கூடாது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐக்குள் வந்தபிறகுதான் எரியும். சாலையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயிலைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் அதை மெக்கானிக்கல் மீட்டர் மாட்டிப் பட்டறையில் கண்டுபிடித்துவிடலாம்.