இடையனின் இரக்கம்

அன்புள்ள ஐயா,

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தின் கதையை அண்மையில் அறிந்தேன். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று அப்போலோ தெய்வத்தின் வாக்கு முன்பே சொல்லிவிடுகிறது, அவ்வாறே நடக்கிறது. அப்படியானால் ஈடிபஸ் வெறும் பொம்மைதானே? பொம்மைக்காக நாம் ஏன் அழ வேண்டும்? கிரேக்கரின் மொய்ராவும் நம் ஊழும் ஒன்றுதானா? அவனுடைய ஆணவமே அவனை அழித்தது என்பது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் இந்த நாடகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியவில்லை. ஆனால் முதலில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கதையை அறிந்ததாக எழுதுகிறீர்கள், நாடகத்தைப் படித்ததாக எழுதவில்லை. கதை ஏதென்ஸ் மக்களுக்கும் முன்பே தெரியும். அதற்காக அவர்கள் அரங்குக்கு வரவில்லை. ஏறத்தாழ 1,530 வரிகளைப் படிக்கப் பொறுமையில்லாதவர் அதன் நாயகனைப் பொம்மை என்று தீர்ப்பெழுதுவது அநீதி.

மொய்ரா என்றால் பங்கு. நம் ‘பால்’ என்ற பழஞ்சொல்லிலும் பகுப்பும் விதியும் சேர்ந்தே நிற்கின்றன. ஒப்புமை அவ்வளவுதான், முற்பிறவி வினை என்ற எண்ணத்துக்கு இந்த நாடகத்தில் இடமில்லை. ஆணவத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்லும் ஹமார்த்தியா என்ற சொல்லுக்குப் பிழை என்று பொருள், ஆணவம் என்றல்ல.

நீங்கள் கேட்காத ஒருவனைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். ஈடிபஸின் தந்தையான தீப்ஸ் அரசன் லேயஸ், பிறந்து மூன்று நாள் ஆவதற்குள் குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து, மலையில் எறிந்துவிடச் செய்கிறான். அந்த வேலை ஓர் இடையனிடம் வருகிறது. அவன் எறியவில்லை. கித்தேரோன் மலையில் தன்னோடு மந்தை மேய்த்த கொரிந்து நாட்டுக்காரனிடம், எங்கோ தொலைவில் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிடுகிறான். பின்னாளில் ஏன் கொடுத்தாய் என்று ஈடிபஸ் கேட்கும்போது, இரக்கப்பட்டேன் என்பதே அவனுடைய விடை. அப்போலோவின் வாக்கில் இந்த இடையனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இரக்கம் முழுக்க முழுக்க அவனுடையது. அது இல்லையென்றால் வாக்கு பலித்திருக்க வழியும் இல்லை. லேயஸ் கொல்லப்பட்டபோது உயிர் தப்பியவனும் அவனே. ஊர் திரும்பி, ஈடிபஸ் அரியணையில் இருப்பதைக் கண்டதும், ஈடிபஸின் தாயும் மனைவியுமான அரசி ஜொகாஸ்டாவின் கையைத் தொட்டு, நகரம் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்குத் தன்னை அனுப்பிவிடும்படி கெஞ்சுகிறான். அத்தனை ஆண்டுகள் வாய் திறக்காமலிருக்க அவனை எந்தத் தெய்வமும் கட்டாயப்படுத்தவில்லை.

என் தந்தையின் நோய் தீராதது என்று தெரிந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். அவர் அம்மாவிடம் கேட்டார், அண்ணனிடம் கேட்டார், இருவரும் பேச்சை மாற்றினார்கள். ஒரு மாலை என்னை அருகில் உட்கார வைத்து, “நீ சொல்லிவிடு” என்றார். சொல்ல அஞ்சும் சொல்லின் விளிம்பில் நிற்கிறேன் என்று இடையன் நடுங்குவதும், கேட்க அஞ்சும் சொல்லின் விளிம்பில் நானும் நிற்கிறேன், ஆயினும் கேட்டாக வேண்டும் என்று ஈடிபஸ் விடையளிப்பதும் நாடகத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகள். அந்த மாலைக்குப் பிறகு அவற்றை என்னால் வேகமாகக் கடக்க முடிந்ததில்லை. அப்பாவின் நோயை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்பதை அவர் தேர்ந்தெடுத்தார். ஜொகாஸ்டா தடுத்தும் தன் பிறப்பைப் பற்றிய விசாரணையை நிறுத்தாத ஈடிபஸிடம் நான் காண்பதும் அதுவே. உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பான் என்று அப்போலோவின் எந்த வாக்கும் சொல்லியிருக்கவில்லை. இந்தத் துன்பங்களை நிறைவேற்றியவன் அப்போலோ, ஆனால் கண்களைக் குத்தியது என் கை, வேறெவருடையதும் அல்ல என்று அவனே பிரித்துச் சொல்கிறான். பொம்மை அப்படிச் சொல்லுமா?

நாடகத்தைப் படியுங்கள். படிக்கும்போது, உண்மையைச் சொல்லி முடித்த பிறகு அந்த இடையனுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோருடைய கண்களும் மன்னன்மேல் இருக்க, அந்த முதியவன் எப்போது மேடையை விட்டுப் போனான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.