பியானோ இசையைத் தனிக் கிட்டாருக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி என்ற பியானோ இசையைக் கிட்டாரில் வாசிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: அருமையான தேர்வு. 1888-ல் எழுதியது, டி மேஜர், நிதானமான நடை. முதலில் மெட்டையும் பேஸையும் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரம்) மட்டும் எழுதி வாசித்துப் பாருங்கள். அந்த இரண்டும் கையில் உறுதியாகும் வரை நடுவில் எதையும் சேர்க்காதீர்கள்.

5-வது பாரில் (தாளத்தின் ஐந்தாவது சுற்றில்) மெட்டு எஃப் ஷார்ப்பில் தொடங்கும். பியானோவில் ஒலிக்கும் அதே உயரத்தில் எடுத்தால் முதல் ஸ்ட்ரிங்கில் 14-வது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி). பேஸ் ஜி ஆறாவது ஸ்ட்ரிங்கில் 3-வது ஃப்ரெட். கை எட்டாது. மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கினால் 2-வது ஃப்ரெட்டுக்கு வந்துவிடும். அந்தப் பாரின் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) இருப்பவை பி, டி, எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் மெட்டிலேயே ஒலிக்கிறது, அதை விடலாம். பி-க்கு இரண்டாவது ஓப்பன் ஸ்ட்ரிங் (இடது கை அழுத்தாமலே ஒலிப்பது) இருக்கிறது. டி-யையும் ஒரு ஸ்தாயி இறக்கினால் நான்காவது ஓப்பன் ஸ்ட்ரிங். பேஸுக்கு ஒரு விரல் போக, மற்ற மூன்றும் மெட்டுக்கு! 7-வது பாரில் மட்டும் கவனம். அங்கே மெட்டே இரண்டாவது ஸ்ட்ரிங்குக்கு இறங்குகிறது. கார்டின் பி-யைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சாஃப்ட்வேரில் போட்டால் தானாக மாற்றித் தராதா?

பதில்: சுரங்களைத் தரும். எந்த விரல் எங்கே போகும் என்று அதற்குத் தெரியாது. வேண்டாம்.

கேள்வி: ஸ்கேலை மாற்றுவது இசையமைப்பாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸ் அஸ்துரியாஸ் என்ற இசையைப் பியானோவுக்கு ஜி மைனரில் எழுதினார். கிட்டார் கலைஞர்கள் வாசிப்பது ஈ மைனரில். ஜி மைனரில் திரும்பத் திரும்ப வரும் டி, ஈ மைனரில் பி ஆகிறது. அது ஓப்பன் ஸ்ட்ரிங். இடது கை அதைத் தொடவே வேண்டாம். கிட்டாருக்கென்றே பிறந்த இசை என்று பலர் நம்பும் அளவுக்குப் பொருந்திவிட்டது.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். பியானோ இசையமைப்பாளர் ஷோபனை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சுரங்களைத் தூக்கிப்போட்ட பிறகு அது ஷோபன் ஆகுமா?

பதில்: பாதியைத் தூக்கச் சொல்லவில்லை. கார்டில் இரட்டிப்பாக வரும் சுரங்கள் முதலில் போகட்டும், அடுத்து ஐந்தாம் சுரம். மூன்றாம் சுரத்தைத் தொடாதீர்கள், மேஜரா மைனரா என்று சொல்வதே அதுதான். பத்துச் சுரத்தையும் பிடிக்கப் போய் மெட்டு திக்கினால், அப்போதுதான் ஷோபன் காணாமல் போகிறார்.

கேள்வி: அப்படியென்றால் ஷோபனின் ஈ ஃப்ளாட் நாக்டர்னுக்கு முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி மேஜர் பிடிகளில் வாசிக்கலாமே?

பதில்: கூட யாராவது வாசித்தால் போடுங்கள். தனியாக என்றால் எதற்கு? டி-யிலேயே வாசியுங்கள்.

கேள்வி: ஆப் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள், தானாக மாற்றித் தர.

பதில்: மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: டேப் (எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறிப்பு) அனுப்புவீர்களா?

பதில்: மாட்டேன். நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: பியானோவின் பெடல் ஒலிக்கு என்ன செய்வது?

பதில்: அடுத்த சுரத்துக்குத் தேவைப்படும் வரை விரலை எடுக்காதீர்கள். ஆனால் கார்டு மாறும்போது பழைய ஓப்பன் பேஸ் தானாக நிற்காது. வலது கைக் கட்டைவிரலை அந்த ஸ்ட்ரிங்கில் வைத்து நிறுத்துங்கள். பியானோவில் கால் செய்கிற வேலை இது.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த ஆம்ப் நல்லது?

பதில்: எனக்குப் பழக்கமில்லாத துறை. அதில் வாசிப்பவர்களைக் கேளுங்கள்.