தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பயனெட்டில் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ‘1907’ என்று இருக்கிறது. அது செய்த ஆண்டா? தோல் உறையும் அதற்குரியதுதானா?

முதலில் ஒரு வேண்டுகோள்: இன்னும் எதையும் தேய்த்துவிடாதீர்கள். பழைய இரும்பைப் பார்த்ததும் புளியும் எமரி தாளும் தேடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அந்த இரும்பில் குத்தியிருக்கும் சின்னச் சின்ன முத்திரைகளில்தான் இருக்கிறது. அவை அழிந்தால் அழிந்ததுதான்.

1907 என்பது மாடலின் பெயர். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்ட் .303 துப்பாக்கியின் நீளத்தைக் குறைத்த பிறகு, எதிரியை எட்டும் தூரமும் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட, ஜப்பானின் அரிசாகா துப்பாக்கிக்கான பயனெட்டைப் பார்த்து 17 அங்குல அலகோடு (கைப்பிடி நீங்கலான கத்திப் பகுதி) பிரிட்டிஷார் இதை வடிவமைத்தார்கள். முதல் உலகப் போர் முழுக்க இதே மாடல்தான், எல்லாவற்றிலும் அதே 1907தான். செய்த காலம் அதற்குக் கீழே இருக்கும். ‘5 17’ என்று இருந்தால் 1917 மே மாதம். பக்கத்திலேயே செய்தவர் பெயர்: வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல், விக்கர்ஸ், என்ஃபீல்ட். விக்கர்ஸ் செய்தவை குறைவு. அந்தப் பெயர் இருந்தால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று இருந்தால் வங்காளத்து இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. நம் நாட்டில் கிடைப்பவற்றில் இஷாபூர் சரக்கு நிறைய.

கிரீடத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ‘இ.ஆர்.’ என்றால் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் காலம், 1910க்கு முந்தையது. ‘ஜி.ஆர்.’ என்றால் அதற்குப் பிந்தைய ஜார்ஜ் மன்னர் காலம். இந்தியத் தயாரிப்புகளில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்றும் வரும். அலகின் மறுபுறத்தில் பெருக்கல் குறி இருந்தால் வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது என்று பொருள். அம்புக்குறி அரசாங்கச் சொத்தின் அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், ராணுவமே கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கைப்பிடியின் கடைக்கோடி. அங்கே பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா? துப்பாக்கியில் மாட்டும் காடிக்குள் அடையும் மண்ணும் சேறும் வெளியேற 1916இல் சேர்த்த துளை அது. பழையவற்றைப் பழுது பார்க்க அனுப்பியபோது அவற்றிலும் துளைத்துவிட்டார்கள். அதனால் துளை இல்லாத ஆரம்பகாலப் பயனெட் கையில் வந்தால் எனக்கு நிஜமாகவே நெஞ்சு படபடக்கும்.

கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் குறுக்குக் கம்பியில் கொக்கி இருப்பவை இன்னும் அரிது. 1913இல் கொக்கியை விட்டுவிட்டார்கள், ஏற்கெனவே இருந்தவற்றிலும் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். இதற்கு விலை பல மடங்கு என்பதால் கொக்கியைப் பற்றவைத்து விற்கிறார்கள். 1917 தேதிக்குக் கொக்கி இருந்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

உங்களுடையதன் அலகு 12 அங்குலம்தான் இருந்தாலும் யாரோ உடைத்ததாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் பல 17 அங்குல அலகுகளை ராணுவமே குறைத்தது. முழு அலகில், அதன் பக்கவாட்டில் ஓடும் நீள்பள்ளம் முனைக்குச் சில அங்குலம் முன்பே நின்றுவிடும். குறைத்ததில் அது ஏறக்குறைய முனைவரை ஓடும். புதிதாகவே 12 அங்குலத்தில் செய்த இந்தியப் பயனெட்டுகள் பலவற்றில் பள்ளமே கிடையாது.

சரி, உறை. சேகரிப்பவர்கள் பலர் அலகுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். தோல் சீக்கிரம் கெடும், அதனால் நல்ல உறை கிடைப்பதுதான் கடினம். மேலேயும் கீழேயும் எஃகு மூடி, நடுவே தோல், பின்புறம் நீளத் தையல். மேல்மூடியில் இருக்கும் குமிழ் கண்ணீர்த்துளி வடிவில் இருந்தால் முந்தைய வகை, வட்டமாக இருந்தால் பிந்தையது. தோலின் மேற்பகுதியில் சாய்வெளிச்சம் அடித்துப் பாருங்கள். செய்தவர் முத்திரையும் ஆண்டும் மங்கலாகத் தெரியலாம். அலகின் ஆண்டும் உறையின் ஆண்டும் ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம், படையிலேயே மாறிப்போகும். 12 அங்குல அலகு 17 அங்குல உறைக்குள் இருந்தால் மட்டும் பின்னால் யாரோ சேர்த்து வைத்த ஜோடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அலகை அந்த உறைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தனித்தனியாக வைத்து, அலகில் தையல் மெஷின் எண்ணெயைத் துணியால் லேசாகத் தடவினால் போதும்.

இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே இருக்கிறது. எனவே விற்கவோ வாங்கவோ நினைத்தால், உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்று முதலில் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

அலகின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும், கைப்பிடியின் கோடி, உறையின் குமிழ், பின்தையல் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கேள்வியோடு சேருங்கள். மதிப்பைப் பற்றி அதைப் பார்த்த பிறகுதான் பொறுப்பாகப் பேச முடியும்.