ஒரே மேசையில் மாவும் துணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொரு வருடமும் குளிர் ஆரம்பித்ததும் ஆசையாக ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தொடங்குவேன். வெயில் வந்துவிடும், குவில்ட் வராது. போன வருடத்து வேலை அலமாரியில் பாதியில் கிடக்கிறது. எதை எந்தக் காலத்தில் தொடங்குவது என்று சொல்லுங்களேன் அக்கா.

பதில்: குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டியதை வெயில் காலத்திலேயே வெட்டத் தொடங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் தூக்கம் கெட்டுத் தைத்த குவில்டைப் பார்த்தாலே தெரியும். முதல் வரிசை நேராக இருக்கும், கடைசி வரிசை எங்கேயோ போகும்.

முதலில் கணக்கு. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம் தாராளம். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம்தான் பிளாக். 12 அங்குல பிளாக் என்றால் அகலத்தில் 5, நீளத்தில் 7, ஆக மொத்தம் 35. வாரம் நாலு பிளாக் என்று தைத்தாலும் ஒன்பது வாரம். அதே அளவுக்கு 6 அங்குல பிளாக்கைப் பிடித்தீர்களோ, 140 தைக்க வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது என்று பொடிப் பொடியான டிசைனைத் தேர்ந்தெடுக்கும் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அப்புறம், எந்த வேலைக்கு எந்தக் காலம் என்பதை உங்கள் மடியே சொல்லும். வெட்டுவதும் பிளாக் தைப்பதும் இலேசான வேலை, வெயிலில் செய்யலாம். ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரிப் பெட்டி வேண்டியிருப்பதால் காலை நேரத்தை ஒதுக்குங்கள். மேல்துணி, நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது அத்தனை கனமும் மடியில் வந்து உட்காரும். அதைச் சூடு தணிந்த பிறகு எடுங்கள். சுற்றி ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைக்கும் வேலை குளிர்காலச் சாயங்காலத்துக்கு. தைத்துக்கொண்டே போர்த்தியும் கொள்ளலாம். மழைக்காலத்தில் மட்டும் துணி அலசிக் காயவைக்கும் வேலையைத் தொடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை உள்ளே வைத்துத் தைத்தால் அந்தப் பூஞ்சை வாடை லேசில் போகாது.

பாதியில் கிடப்பதை வெளியே எடுத்து, முடிந்த பிளாக் எத்தனை என்று எண்ணுங்கள். நாலு இருந்தால் ஒரே வரிசையாக மேசை விரிப்பு. ஒன்பது இருந்தால் 36 அங்குலச் சதுரம், சுவரில் மாட்டலாம். பன்னிரண்டு இருந்தால் 36-க்கு 48, மடியில் போட்டுக்கொள்ள அருமையான அளவு. கட்டிலுக்கென்று தொடங்கியது கட்டிலுக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

கேள்வி: பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். ஆனாலும் ஒரு பிளாக் 12 அங்குலம், இன்னொன்று பதினொன்றே முக்கால். எங்கே தவறுகிறது?

பதில்: வெட்டியதில் இருக்காது, தையலில் இருக்கும். குவில்டில் தையலுக்கு வெளியே ஓரமாக விடுவது கால் அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப் போனாலும், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போகும். ஒரு வரிசையில் எட்டுத் துண்டு, ஏழு தையல் என்றால் முக்கால் அங்குலத்துக்கு மேலேயே போய்விடும்.

நான் புது டிசைன் தொடங்கும் முன் எப்போதும் செய்கிற சோதனை இது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டுவிட்டு நடுப்பட்டையை அளந்தால் மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து மூன்றரை. நடுப்பட்டை குறைந்தால் தையலை ஓரத்தை நோக்கி ஒரு நூலிழை அளவு தள்ளுங்கள். கால் அங்குலத்தைக் கறாராகப் பிடிப்பவர்களுக்கும் இது குறையும். ஏனென்றால் தையலை மடித்துப் படியவைக்கும்போது அந்த மடிப்பே நூலிழை அளவு துணியை எடுத்துக்கொள்கிறது. அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை அளவு குறைவாகத் தைப்பதுதான் வழக்கம். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் நாலைந்து அடுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டே போகும், நீங்கள் ஊசியை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். முக்கோணத் துண்டுகளில் சாய்வாக வெட்டிய ஓரம் இருக்கும், இழுத்தால் நீண்டுகொள்ளும். அப்புறம் எந்தத் தையலும் அதைச் சரிக்கட்டாது.

கேள்வி: மறைந்த அப்பாவின் சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. குவில்டாகத் தைக்க ஆசை, வெட்டத்தான் மனம் வரவில்லை.

பதில்: மனம் வரும்வரை வெட்ட வேண்டாம் அம்மா. பெட்டி எங்கும் போகாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தேய்ந்த உடைகளிலிருந்து குவில்ட் தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் கணவர் இறந்தபின், 1942-இல், அவருடைய வேலை உடைகளையே வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். அழகுக்காக அல்ல, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. அந்த ஊர்க் குவில்டுகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கிலும் சுவரேறின. 2006-இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்துவிட்டன. நிறம் வெளுத்த துணியை ஒதுக்கிவிட்டுப் புதுத் துணியாகப் பொறுக்குபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். வெளுப்பையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் மறைக்காமல் வையுங்கள். ஆளை அடையாளம் காட்டுவது அவைதான்.

வெட்டத் துணிந்ததும், முதலில் சட்டையின் முதுகுப் பக்கம். பெரிய துண்டு அங்கேதான் கிடைக்கும். தையலைப் பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள், தையலை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் விலகிச் சல்லடையாகத் தெரிந்தால் அந்த இடம் தாங்காது. ஜீன்ஸையும் மெல்லிய பருத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கனமான துணி மெல்லியதைக் கிழித்துவிடும், தனித்தனியே வையுங்கள். டி-ஷர்ட் இருந்தால் பின்பக்கம் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் வைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் ரப்பராக இழுபடும்.

ஒரு பிளாக்கில் சட்டைப்பையைப் பையாகவே விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் அதற்குள் கையை விட்டுக்கொண்டு தூங்குவார்கள்.

கேள்வி: முதல் முறை துவைத்ததும் உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. சிவப்புச் சாயமும் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது.

பதில்: இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் மருந்து தைப்பதற்கு முன்னால் இருக்கிறது. பேட்டிங் உறையில் எத்தனை அங்குல இடைவெளிக்குள் தையல் ஓட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். சிலவற்றுக்கு நாலு அங்குலம், சிலவற்றுக்கு எட்டு, பத்து வரை. உறையைக் கிழித்ததும் எல்லோரும் முதலில் எறிவது அந்தக் காகிதத்தைத்தான். திரண்டதைக் கையால் தடவித் தடவிப் பரப்பி, இடையிடையே கூடுதல் தையல் ஓட்டினால் ஓரளவு தேறும்.

சாயம் இறங்கியதைக் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய தொட்டி நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து முழுதாக மூழ்கவைத்து, தண்ணீரில் நிறம் வருவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்த முறை சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனித்தனியே அலசிவிட்டு வெட்டுங்கள். அலசினால் சாயம் மட்டுமல்ல, சுருக்கமும் தெரிந்துவிடும். பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். தைத்த குவில்டைக் காயவைக்கும்போது ஒரு ஓரத்தைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனம் தையலை அறுத்துவிடும், சமமாகப் பரப்பிக் காயவையுங்கள்.

கேள்வி: பிரெட் மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டுத் தையலுக்கு உட்காருகிறேன். திரும்பிப் பார்த்தால் மாவு கிண்ணத்தைத் தாண்டி வழிந்து கிடக்கிறது.

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! மாவு உப்பும் நேரம்தான் தையலுக்கு நேரம் என்பது என் கட்சியும். ஆனால் மாவின் நேரத்துக்கு நாம் ஓடக்கூடாது, நம் நேரத்துக்கு மாவு வர வேண்டும்.

500 கிராம் மாவுக்கு 7 கிராம் உலர் ஈஸ்ட் போட்டால் சூடான சமையலறையில் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஈஸ்டைப் பாதியாக்கினால் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இன்னும் நிம்மதி வேண்டுமா, ஈஸ்டைக் குறைத்து, பிசைந்ததும் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் ஈஸ்ட் மெதுவாகத்தான் நகரும். ராத்திரி வைத்ததைக் காலையில் எடுக்கலாம், ருசியும் கூடும். வெளியே எடுத்து உருட்டி டின்னில் வைத்த பிறகு இரண்டாவது முறை உப்ப வழக்கத்தைவிட நேரமெடுக்கும், மாவு குளிர்ந்திருக்கிறது அல்லவா. தயாரா என்று பார்க்க, மாவு தொட்ட விரலால் அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக எழும்பி லேசான தடம் நின்றால் ஓவனில் வைக்கலாம். அப்படியே குழியாக நின்றுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது.

ஏற்கெனவே வழிந்ததை எறியாதீர்கள். காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மறுபடி உருட்டி வையுங்கள். புளித்த சாராய வாடை அடித்து, பிசுபிசுவென்று தளர்ந்திருந்தால் மட்டும் தட்டையாகப் பரப்பி எண்ணெய் தடவிச் சுட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வேலைக்கும் ஒரே மேசை. அதனால் மாவு வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்து, மேசை நன்றாகக் காய்ந்த பிறகே துணி வெளியே வரும். வெண்ணெய்க் கை துணியில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். சோளமாவைத் தூவிக் கால் மணி நேரம் விட்டு உதறி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசுங்கள். கறை போன பிறகுதான் இஸ்திரி.

கேள்வி: கேக் ஓவனில் நன்றாக எழும்புகிறது. வெளியே எடுத்ததும் நடுவில் குழி.

பதில்: பேக்கிங் பவுடரைக் குறையுங்கள். 120 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றேகால். அதிகம் போட்டால் கேக் வேகுமுன்னே எழும்பி, தாங்காமல் உட்கார்ந்துவிடும். முக்கால் நேரம் ஆகும்வரை கதவைத் திறக்காதீர்கள். இரண்டும் சரி என்றால் ஓவனைச் சந்தேகப்படுங்கள். 180 டிகிரிக்குத் திருகிவைத்தால் உள்ளே 180 இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உள்ளே வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் சந்தேகம் தீரும்.

கேள்வி: மிஞ்சிய பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி, பிரெட் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள், வேண்டும்போது வேண்டியதை எடுத்துச் சுடவையுங்கள்.

கேள்வி: நாத்தனாரின் பிள்ளைக்குத் தொட்டிலில் விரிக்கக் குவில்ட் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் அதைத் தரையில் விரித்து நாயையும் படுக்கவைக்கிறார்கள். மனசு கொதிக்கிறது.

பதில்: தரையில் விரித்ததற்காக அவர்களைப் பாராட்டுங்கள். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ குவில்டோ இருக்கக்கூடாது, முகத்தை மூடினால் மூச்சு முட்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் விதி. விழித்திருக்கும்போது தவழ, உருள, தரையில் விரிப்பதே சரி. நாய் அங்கே வந்ததென்றால் குழந்தை இருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தபின் அது அவர்கள் பொருள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இதைவிடக் கொதித்திருப்பீர்கள்.

கேள்வி: துணி வெட்டும் கத்தரியால் வீட்டில் எல்லோரும் காகிதம் வெட்டுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பதில்: சொல்வதை நிறுத்துங்கள். சிவப்புப் பிடி போட்ட, பார்த்ததும் எடுக்கத் தோன்றுகிற கத்தரி ஒன்றை வாங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டுங்கள். உங்கள் கத்தரி மைதா டப்பாவுக்குப் பின்னால் இருக்கட்டும். அங்கே உங்களைத் தவிர யாரும் கை வைக்க மாட்டார்கள்.